விதுரன் வாலாட்டிய கதை

4 மாதமாக எங்கள் வீட்டில் பார்லே-ஜி காணாமல் போய்க்கொண்டிருந்தது. சந்தேகம் ஒரே ஆள்மீதுதான். சர்க்கரை நோய், 71 வயது, விடியற்காலை ஐந்தரைக்கே நந்தினி பால் வாங்கக் கிளம்பும் பழக்கம். அம்மா பாக்கெட்டுகளை அரிசி டிரம்முக்குள் புதைத்துப் பார்த்தார். பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தார். மறுநாள் பிள்ளையார் இருந்தார், பிஸ்கட் இல்லை.

"ஆமா, நான்தான் தின்னேன். நாக்கு கேக்கலை" என்று அப்பா ஒப்புக்கொண்டார். அங்கேயே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான 45 வருடத்தில் அவர் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதாக வரலாறு இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9-லிருந்து 6.8-க்கு இறங்கியபோதும் உறைக்கவில்லை. ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா லேபில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் தெரு நாய் எதிர்ப்பு அணிக்கு அப்பாதான் தலைவர். கேட்டருகே படுத்துக் கிடக்கும், கருத்தடைக்கு அடையாளமாகக் காதில் வெட்டு வாங்கிய கரியாவை அப்புறப்படுத்தக் கோரும் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. "தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கமே வேண்டாம்னாரேப்பா" என்றால், "அது தர்ம தேவதை, நாய் வேஷத்துல வந்தது. இது வெறும் நாய்" என்பார்.

போன மாதம் கல்யாணம், காரியம் என்று 20 நாள் மயிலாடுதுறை போனார். அந்த 20 நாளும் வீட்டில் ஒரு பிஸ்கட் குறையவில்லை. அம்மா கணக்கை எழுதியே வைத்திருந்தார்.

நேற்று காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட்டில் நான், அம்மா, வாக்கிங் கிளம்பிய குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கிரேக்கக் காவியமான ஒடிஸியில் ஆர்கோஸ் என்று ஒரு கிழட்டு நாய். எஜமான் 20 வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் திரும்புகிறான். பெண்டாட்டிக்கே அவன் யாரென்று பிறகுதான் தெரியும். குப்பைமேட்டில் கிடந்த ஆர்கோஸ் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்கிறது. கண்டுகொண்டும் ஒரு சத்தம் போட்டதா? காதைத் தாழ்த்தி, வாலை மட்டும் ஆட்டிவிட்டு உயிரை விட்டது. என்ன ஒரு அடக்கம்!

நம்ம கரியா 20 நாளுக்கே தெரு அதிர ஊளையிட்டது. முன்னங்கால் இரண்டும் அப்பாவின் நெஞ்சில். மூக்குக்கண்ணாடி முழுக்க எச்சில். "சீ, போ நாயே" என்று அவரும் அரை நிமிடம் நடித்துப் பார்த்தார். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "போதும்டா விதுரா... இறங்குடா, வேட்டி அவிழுது."

விதுரனாம்! ஜிப்பா பையிலிருந்து புது பாக்கெட் ஒன்று எட்டிப் பார்த்தது.

"சார், ஆ பெட்டிஷன்..." என்று செயலாளர் இழுத்தார். அப்பா உடனே நாலடியாருக்குத் தாவினார். யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலாட்டும் என்று, தமிழ் தெரியாத மனிதருக்குத் தமிழிலேயே, பதவுரையோடு.

"யானையோ நாயோ, 4 மாசப் பாக்கெட்டுக்குக் கணக்கு சொல்லுங்க" என்றார் அம்மா.

தருமர் நாய்க்காக விடத் துணிந்தது சொர்க்கத்தை. அப்பா, அம்மாவிடம் திருடன் என்று பேர் வாங்கியிருக்கிறார். எது பெரிய தியாகம் என்று அம்மாவோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்று காலை காபிக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு பிஸ்கட் எடுத்தேன். அம்மா கையிலேயே ஒரு தட்டு தட்டினார்.

"வை கீழே. அது விதுரனோடது."