ஊர் நூலகத் தளத்தைப் பிஎச்பி 5.3இலிருந்து 8.3க்குக் கொண்டுவந்த அனுபவம்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு சிறிய நூலகம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஊர்ச் சனம் சேர்ந்து கட்டியது. என்ன புத்தகம் இருக்கிறது, யார் இரவல் எடுத்திருக்கிறார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு இணையத்தளம்தான் பார்த்துக்கொள்கிறது. 2010 அளவில் ஊர் அண்ணன் ஒருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.3 பதிப்பில் எழுதிக் கொடுத்தது. அவர் பிறகு கனடா போய்விட்டார். தளம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சேர்வரை மூடப்போகிறது, புதியதில் பிஎச்பி 8தான் இருக்கும் என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் நூலகப் பொறுப்பாளர் அக்கா என்னைக் கூப்பிட்டார். "மனே, இது நிண்டா புள்ளைகள் புத்தகம் எடுக்கிறதும் நிண்டுரும்" என்றார்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாடசாலை, கோயில், சங்கம், கடை என்று பல இடங்களுக்கு இப்படி யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். முக்கியமாகத் தமிழ் எழுத்துகள் படும் பாட்டைப் பற்றி. ஆங்கிலத் தளங்களுக்கான வழிகாட்டிகளில் அது இருக்காது.

முதலில் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 5.3 வந்தது 2009இல். 2014 ஆகஸ்டோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள்கூட நின்றுவிட்டன. 5.4 வந்தது 2012இல், 7 வந்தது 2015 டிசம்பரில், 8 வந்தது 2020 நவம்பரில், 8.3 வந்தது 2023 நவம்பரில். நடுவே 6 என்று ஒரு பதிப்பு வெளிவரவே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடை பிஎச்பியின் அடித்தளத்திலேயே சேர்ப்பதுதான் அதன் நோக்கம். 2010இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அதன் பாதிப்பு கீழே வரும்.

5.3இலிருந்து நேரே 8.3க்குத் தாவ வேண்டாம் என்பது முதலிலேயே எடுத்த முடிவு. வீட்டுக் கணினியில் டொக்கர் (ஒரே கணினியில் பல சூழல்களைத் தனித்தனியாக ஓடவிடும் மென்பொருள்) போட்டு 5.6, 7.4, 8.3 மூன்றையும் ஓடவிட்டேன். தளத்தின் பிரதியை ஒவ்வொன்றிலும் ஏற்றி, பிழைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். புதிய கல்லடிப் பாலம் எழும்பும்வரை வாகனங்கள் பழைய லேடி மானிங் பாலத்தில் போய்க்கொண்டிருந்த மாதிரி, ஊருக்குத் தெரிந்த தளம் பழைய சேர்வரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

படிப்படியாகப் போவது நேர விரயம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தளத்தில் வாசகர் என்று ஒரு கிளாஸ் (தரவையும் அதற்கான வேலைகளையும் சேர்த்து வைக்கும் நிரல் அச்சு). அதைத் தொடக்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) அதே பெயர். அது பிஎச்பி 4 காலத்து வழக்கம். புதிய வழக்கப்படி கன்ஸ்ட்ரக்ட் என்ற பெயர் இருக்க வேண்டும். 7.4இல் ஓடவிட்டால், இது பழைய முறை, இனி ஆதரவு இல்லை என்று எச்சரிக்கை வரும். 8இல் ஒரு சத்தமும் வராது. அந்த ஃபங்ஷனைச் சாதாரண ஃபங்ஷனாக எடுத்துக்கொண்டு கூப்பிடாமலே விட்டுவிடும். வாசகரின் பெயர், எண் எல்லாம் வெறுமையாக இருக்கும். காரணத்தைத் தேடி அலைய வேண்டும். நடுப் பதிப்பு வாய் திறந்து சொல்கிறபோது கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது தரவுத்தளம். கோட் (நிரல்) முழுக்க, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள். 5.5இல் அவற்றைக் கைவிடப்போவதாக எச்சரித்தார்கள், 7இல் எடுத்தே விட்டார்கள். பெயருக்கு நடுவே ஓர் ஐ சேர்த்து மைஎஸ்கியூஎல்ஐ ஆக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். இணைப்பையும் உள்ளே கொடுத்தால் ஓடும்தான். ஆனால் 5.3இல் மேஜிக் கோட்ஸ் என்று ஒன்று இருந்தது. படிவத்தில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அதற்கு முன்னால் தானாகவே சாய்கோடு சேர்த்துவிடும். அந்த அண்ணன் அதை நம்பித்தான், பயனர் தட்டியதை அப்படியே எடுத்து, தரவுத்தளத்துக்குக் கட்டளை சொல்லும் எஸ்கியூஎல் வாக்கியத்தில் ஒட்டியிருந்தார். 5.4இல் மேஜிக் கோட்ஸ் போய்விட்டது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு 8இல் ஏற்றினால் இருந்த அரைகுறைக் காவலும் இல்லாமல், தேடல் பெட்டியில் எதையாவது தட்டி யாரும் தரவுத்தளத்துக்குள் புகுந்துவிடலாம். பதிப்பு உயர்ந்திருக்கும், பாதுகாப்பு குறைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடிஓ என்ற தரவுத்தள இணைப்பு வழியாக, மதிப்பைத் தனியாக அனுப்பும் முறையில் திரும்ப எழுதினேன். இதில் குறுக்கு வழி கிடையாது. பழைய காவல் விட்டுப்போன சாய்கோடுகள் ஆங்கிலப் புத்தகத் தலைப்புகளில் ஏறியிருந்தன. அவற்றையும் துப்புரவாக்கினேன்.

இனித் தமிழ்.

புதிய இணைப்போடு பட்டியலைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக நின்றன. அக்காவிடம் காட்டியபோது அவருடைய முகம் மாறிவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். ஒன்றும் அழியவில்லை. அந்தக் காலத்து மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்ற குறியீட்டில்தான் உருவாகும். இணைப்பும் லத்தீன்1. தளம் அனுப்பியதோ யூடிஎஃப்8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) தமிழ். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் யாரும் மாற்றாததால் பைட்டுகள் அப்படியே போய் அப்படியே வந்தன, உலாவியில் தமிழ் சரியாகத் தெரிந்தது. இப்போது இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்8க்கு மைஎஸ்கியூஎல் வைத்த பெயர்). தரவுத்தளம் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக நினைத்து மொழிமாற்றித் தருகிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்8இல் மூன்று பைட். ஒன்று மூன்றாக உடைந்து வருகிறது.

இதற்குத் தீர்வு, நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டுகளை வைத்திருக்கும் பிளொப் வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுவது. நேரே லத்தீனிலிருந்து யூடிஎஃப்8க்கு மாற்றினால் அந்தக் குழப்பம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இதைச் செய்யும் முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இரண்டு இடத்தில்.

மாற்றும்போது சில வரிகளில் தரவுத்தளம் நின்றுவிட்டது. தலைப்புக்கு 255 இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. லத்தீன்1இல் அது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள்தான். மட்டக்களப்பு என்ற ஒரு சொல்லுக்கே 36 பைட் போய்விடும். நீளமான ஆய்வு நூல்கள், கோயில் வரலாறுகள், நினைவு மலர்கள் ஆகியவற்றின் தலைப்புகள் நடுவிலே, ஒரு எழுத்தின் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. பழைய அமைப்பு வெட்டியதைச் சொல்லவே இல்லை. பைட் கணக்கில் அரைகுறையாக முடியும் வரிகளைத் தேடி எடுத்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அக்கா அலுமாரியிலிருந்து பழைய நூற்பதிவேட்டை எடுத்து, கையால் எழுதிய முழுத் தலைப்புகளை வாசித்துச் சொன்னார். அந்தப் பதிவேட்டை யாரும் தூக்கி எறியாதது எவ்வளவு பெரிய விசயம்!

வெட்டுப்படும் பிரச்சினை இன்னோர் இடத்திலும் இருந்தது. பட்டியல் பக்கத்தில் தலைப்பை 40 பைட்டோடு நறுக்கிக் காட்டும் ஒரு வரி. 5.3இல் கடைசி எழுத்து உடைந்து ஒரு கறுப்புக் கேள்விக்குறி வரும், யாரும் பொருட்படுத்தவில்லை. 7.4இல் அந்தத் தலைப்புகள் மொத்தமாகவே காணாமல் போயின. உரையை வலைப்பக்கத்தில் பாதுகாப்பாகக் காட்ட உதவும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் 5.4இலிருந்து உரையை யூடிஎஃப்8 என்றே எடுத்துக்கொள்கிறது. உள்ளே உடைந்த எழுத்து இருந்தால் முழுவதையும் வெறுமையாக்கித் தரும். 8.1இலிருந்து அது மாறி, உடைந்த இடத்தில் மட்டும் கேள்விக்குறி போடுகிறது. நேரே 8.3க்குப் போயிருந்தால் பழையபடியே கேள்விக்குறி வந்திருக்கும், பிழை அங்கேயே இருந்திருக்கும். 7.4தான் காட்டிக்கொடுத்தது.

எப்படி நறுக்குவது? எஸ்டிஆர்லென் என்ற ஃபங்ஷன் மட்டக்களப்பு என்ற சொல்லின் நீளத்தை 36 என்று சொல்லும், அது பைட்டை எண்ணுகிறது. எம்பி வகை ஃபங்ஷன் 12 என்று சொல்லும், அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. புள்ளியும் உகரக் கொம்பும் அதற்குத் தனிக் குறிகள். அதை வைத்து நறுக்கினால் "மட்டக்களப்பு" என்பது "மட்டக்களப்ப" என்று முடிந்துவிடும். வாசிக்கிறவர்களுக்கு அது எழுத்துப் பிழை. கிராஃபீம் வகை ஃபங்ஷன் மட்டுமே 8 என்று சொல்லும், நாங்கள் எழுத்துக்கூட்டி எண்ணுகிற மாதிரியே. இன்ட்ல் என்ற நீட்சி வேண்டும், ஹோஸ்டிங்கில் அதை இயக்கச் சொல்லிக் கேளுங்கள். அது 5.3 காலத்திலிருந்தே இருக்கிறது. தமிழ்த் தளம் எழுதுகிற எல்லோரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

பதிப்பு மாறியதால் தானாகச் சரியானதும் ஒன்று உண்டு. தேடல் பக்கத்தில் வகையைத் தெரிவுசெய்யும் பெட்டி. "எல்லாம்" என்பதற்கு மதிப்பு 0, மற்றவற்றுக்கு நாவல், கவிதை, வரலாறு என்று சொற்களே மதிப்பு. வகை 0க்குச் சமம் என்றால் எல்லாப் புத்தகத்தையும் காட்டு என்று கோட் சொல்கிறது. பழைய பிஎச்பியில் இரட்டைச் சமக்குறி, சொல்லை எண்ணோடு ஒப்பிடும்போது சொல்லை எண்ணாக்கிப் பார்க்கும். "நாவல்" எண்ணானால் 0. அப்போ நாவலும் 0க்குச் சமம், கவிதையும் சமம். எதைத் தெரிவுசெய்தாலும் முழுப் பட்டியலும் வரும். "அது எப்பவும் அப்பிடித்தான்" என்று அக்கா பழகிப்போயிருந்தார். 8இல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள், எண் வடிவில் இல்லாத சொல் 0க்குச் சமமாகாது. புதிய பதிப்பில் ஏற்றியதும் நாவலைத் தெரிவுசெய்தால் நாவல் மட்டும் வந்தது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை.

தண்டப்பணக் கணக்கில் இன்னொன்று. நாள் வீதம் எவ்வளவு என்ற புலம் சில புத்தகங்களுக்கு வெறுமையாக இருந்தது. வெறுமையை நாட்களால் பெருக்கினால் பழையதில் 0, சத்தமில்லை. 7.4 எச்சரித்தது. இரவல் ஒன்றும் இல்லாத வாசகரின் பக்கத்தில் எண்ணிச் சொல்லும் கவுண்ட் ஃபங்ஷனுக்கு நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) போய்க்கொண்டிருந்தது. 5.3இல் 0 என்று தந்தது, 7.2இலிருந்து எச்சரிக்கை, 8இல் பக்கமே நின்றுவிடும். புதிய பதிப்பு கடுமை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. இந்தப் பிழைகள் எல்லாம் முன்பும் இருந்தன, மொழி மூடி மறைத்தது. முன்னால் அட் குறி (@) போட்டு வாயை அடைத்துவிட்டால் போதும் என்று பழகியவர்களுக்கு 8 இடம் கொடுப்பதில்லை, பெரிய பிழைகளை அந்தக் குறியால் மறைக்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியலில் ஒவ்வொன்றாக எடுக்கும் ஈச் ஃபங்ஷன் 8இல் இல்லை, ஃபோர்ஈச் எழுதினால் சரி. சில கோப்புகள் பிஎச்பி என்ற எழுத்துகள் இல்லாமல் வெறும் கேள்விக்குறியோடு தொடங்கும். அந்த வசதி அணைத்து வைக்கப்பட்ட சேர்வரில் கோட் அப்படியே உலாவியில் தெரியும், தரவுத்தளக் கடவுச்சொல்லும் சேர்ந்து. முதல் வேலையாக அதைத் தேடி மாற்றுங்கள். இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடித்துத் தர பிஎச்பி கொம்பேட்டிபிலிட்டி என்ற கருவி இருக்கிறது. ரெக்டர் என்ற கருவி பலவற்றைத் தானே திருத்தும். திருத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய மறைப்பு முறையில் இருந்தன. இன்று அதை உடைக்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. 5.5இல் வந்த பாஸ்வேர்ட் ஹாஷ் ஃபங்ஷனுக்கு மாற்றினேன். வாசகர் அடுத்த முறை உள்நுழையும்போது பழையதைச் சரிபார்த்து, அந்த நேரத்திலேயே புதியதாகச் சேமிக்கும்படி. எம்டி5 32 எழுத்து, புதியது பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை 60. நெடுவரிசையை முதலில் அகலமாக்காவிட்டால் வெட்டுப்பட்டு யாருமே உள்ளே வர முடியாமல் போகும். 255 வைத்துவிடுங்கள்.

புதியதில் எனக்கு மிகவும் பிடித்தது 8.1இல் வந்த ஈனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளுக்குப் பெயர் வைக்கும் வகை). இரவலின் நிலை பழைய கோட்டில் 1, 2, 3 என்று கிடந்தது. 3 என்றால் தொலைந்ததா, திருத்தத்தில் இருக்கிறதா என்று அந்த அண்ணனுக்குத்தான் தெரியும். வட்ஸ்அப்பில் கேட்டு உறுதிப்படுத்தினேன், அவரும் ஆசையாக விளக்கினார். இப்போது நிலைகளுக்குப் பெயர் இருக்கிறது, மேட்ச் (எந்த நிலைக்கு என்ன என்று பிரித்து எழுதும் அமைப்பு) போட்டு எழுதினால் விடுபட்ட நிலை வரும் இடத்தில் நிறுத்திச் சொல்கிறது.

மாற்றியது ஒரு போயா தினத்தில், நூலகம் மூடியிருந்தபோது. மறுநாள் அக்கா புத்தகம் கொடுக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் தொலைபேசி எடுத்தார். "மனே, கெதியா திறக்குது கா" என்றார்.

இன்னும் மிச்சம் இருக்கிறது. கிளாஸில் முன்கூட்டி அறிவிக்காத பண்புகளைப் போகிற போக்கில் சேர்ப்பதற்கு 8.2இலிருந்து எச்சரிக்கை வருகிறது, 9இல் அது பிழையாகும். பிழைப் பதிவில் அந்த வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறேன். பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பழைய புத்தகக் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இரண்டும் முடிந்ததும் தளத்தின் நிரலை மற்ற ஊர் நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று அந்த அண்ணனும் அக்காவும் சொல்லியிருக்கிறார்கள்.