கணிதத்தில் டபிள்யூ, கையில் என்விகியூ 4

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டுப் படியில் ஏறி இறங்கிய எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தமிழில் பீ, சமயத்தில் பீ, வரலாற்றில் சீ, கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. சீயோ அதற்கு மேலோ மூன்று இருந்தும், கணிதம் இல்லாததால் எனக்கு உயர்தரம் (ஏலெவல்) கிடைக்கவில்லை. "திரும்ப எழுது தம்பி" என்றார் மாமி. அப்பா ஒன்றும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாடசாலையில் ஒரு சேர்தான் 13 வருட உத்தரவாதக் கல்வி பற்றிச் சொன்னார். 2017இல் சில பாடசாலைகளில் தொடங்கிய திட்டம். சாதாரண தரத்தில் சித்தியா இல்லையா என்று பார்க்காமல் 12ஆம் தரத்தில் சேர்ப்பார்கள். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பிறகு ஒரு தொழிலை எடுத்துப் பயிற்சி நிலையம், வேலைத்தளம், முடிவில் என்விகியூ 4, அதாவது தேசியத் தொழிற்றகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழ். 2013இல் வந்த உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு வேறு, அதற்குக் கணிதம் வேண்டும். இந்த வித்தியாசத்தை வீட்டில் விளங்கப்படுத்தவே ஒரு மாதம் போனது. "ஏலெவல் இல்லாத ஏலெவலா?" என்று மாமி இன்றைக்கும் கேட்பார்.

நான் மின்வேலையை எடுத்தேன். முதல் வருடம் சும்மா ஓடிப்போனது. பயிற்சி நிலையத்தில்தான் உண்மையாக முழித்தேன். போதனாசிரியர் நல்ல மனுஷன், ஆனால் பேச்செல்லாம் சிங்களம். எர்த், நியூட்ரல், பிரேக்கர் எல்லாம் எல்லா மொழியிலும் ஒன்றுதான், அவற்றுக்கு நடுவில் வருவதுதான் பிடிபடவில்லை. ஓஃப் பண்ணுவதற்கு "கலின்" (முன்னம்) கை வைக்கச் சொல்கிறாரா, "பஸ்ஸே" (பிறகு) வைக்கச் சொல்கிறாரா? 230 வோல்ட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நான் முதலில் பாடமாக்கிய சிங்களச் சொற்கள் அந்த இரண்டும்தான்.

அப்புறம் வேலைத்தளம். வெள்ளவத்தையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொடர்மாடி. காலையில் 155ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். முதல் மூன்று வாரம் சுவரில் பள்ளம் வெட்டியதும் குழாய் பதித்ததும்தான். அங்கே என் மேற்பார்வையாளரான பாஸ் என்னை "மல்லி" (தம்பி) என்பார், வேலை பிழைத்தால் வேறு சொல் வரும்.

இங்கே நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். அன்றன்றைய வேலையை டயறியில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். களைப்பில் நான் வாரக் கணக்கில் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவில் வந்ததையெல்லாம் அழகான தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பாஸ் புரட்டிப் பார்த்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாததில் எப்படிக் கையொப்பம் வைப்பது?" என்றார். நியாயம்தானே. எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்: சின்னச் சின்ன ஆங்கில வசனம், பக்கத்தில் வயரிங் படம். படம் போட்டதும் அவரே பேனாவை வாங்கி ஒரு இடத்தைத் திருத்தினார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தேநீர் நேரத்திலேயே எழுதி முடித்துவிடுவேன். மதிப்பீட்டில் முதலில் கேட்பதே அந்தக் கொப்பிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மதிப்பீடு நான் நினைத்த மாதிரிப் பரீட்சை இல்லை. புள்ளி கிடையாது. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் வந்து டயறியைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், பலகையில் வேலை செய்யவிட்டார்கள். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிச் போடும் சுற்று வந்தது, அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு மெகர் என்ற கருவியை வைத்துக் காவலிடல் சோதனை, வயர்களுக்கு நடுவில் மின் கசிகிறதா என்று பார்ப்பது. மின்னைத் துண்டித்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 500 வோல்ட்டில் பார்த்தேன். குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும், கருவி கிட்டத்தட்ட பூச்சியம் காட்டியது. வியர்த்துவிட்டது. வயரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நிமிர்ந்தால், ஹோல்டரில் குமிழ் அப்படியே இருக்கிறது! பல்பைக் கழற்றவில்லை, சுவிச் ஓனில். அதன் வழியாகத்தான் சுற்று மூடுகிறது. கழற்றி மறுபடி வைத்தேன், 200க்கு மேல் போனது. ஏன் முதலில் குறைந்தது என்று கேட்டார் ஒருவர். சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

தேர்ச்சி என்று வந்தது. சான்றிதழ் கையில் கிடைக்க அதற்குப் பிறகும் மாதங்கள் ஆனது. இதில் போகிற தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனியுங்கள்: பதிவு செய்யும் நாளிலேயே ஆங்கிலத்தில் உங்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என் முதலெழுத்து ஒன்று மாறிப்போய், அதைத் திருத்த நாலு தடவை அலைந்தேன். இப்போது 5ஆம் மட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பும்போது அடையாள அட்டையை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.