உனக்காகத்தான் போடுறேன்

"உனக்காகத்தான் கையெழுத்து போடுறேன்" என்று எங்கள் மருத்துவ முகாமுக்கு வரும் ஒரு அம்மா சொன்னதும், ஆய்வில் சேர்வதற்கான சம்மதப் படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். செய்தது சரி என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது ஒரு நாள் சரி என்று தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை.

எங்கள் துறையில் இரண்டு வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்று ஆய்வு. ஆட்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ரத்தம் எடுத்து, கேள்வித்தாள் நிரப்பி, யாருக்கு ஏன் ரத்த அழுத்தம் கூடுகிறது என்று பார்ப்பது. இதில் மருந்தும் கிடையாது, சிகிச்சையும் கிடையாது. இன்னொன்று விடுமுறை நாள் முகாம். எங்களில் விருப்பமுள்ளவர்கள் போய் வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வோம், கூடுதலாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவோம். சம்பளம் இல்லை, கட்டாயமும் இல்லை. இல்லை என்கிறேனே தவிர, நிதி விண்ணப்பத்தில் 'சமூகத் தொடர்பு' என்று ஒரு பகுதி வரும்போது முதலில் ஞாபகம் வருவது எங்கள் முகாம்தான்.

ரத்த அழுத்தத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் ஆளை முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஒன்றிரண்டு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும். பேசக் கூடாது, பேசினால் அளவு ஏறும். விதிப்படி அது மௌன நேரம். ஆனால் முகாமில் உண்மையில் நடப்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது, அதைப் பிள்ளைகளிடம் மறைத்தது, ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். "பேசாதீங்கம்மா, அளவு கூடும்" என்பேன். "கூடினா கூடட்டும், நீ இன்னொரு தடவை பாரு" என்பார் அந்த அம்மா. பார்ப்பேன்.

அதே பகுதியில் ஆய்வுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். துண்டறிக்கை அவர் கைக்கும் போயிருந்தது. அடுத்த முகாமில் அவரேதான் பேச்சை எடுத்தார்.

"இதுல சேராட்டி எனக்குப் பிரஷர் பாக்க மாட்டீங்களா?"

"பார்ப்போம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சேர்ந்தா என்ன கிடைக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

"உனக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தகவல் தாளிலும் பதில் அச்சடித்து வைப்பதில்லை. "எனக்கு ஆய்வு நடக்கும்" என்றேன்.

"அதைச் சொல்லு. குடு இங்க, உனக்காகத்தான் போடுறேன்."

வேறொருவர் வந்து முழுவதும் விளக்குவார், யோசித்துவிட்டு அப்புறம் போடுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. "ஏன், நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான். உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்து, பிறகு பலமுறை திருத்திய ஹெல்சின்கி பிரகடனம் என்ற மருத்துவ ஆய்வு நெறிமுறை, பங்கேற்பவர் மருத்துவரைச் சார்ந்திருந்தாலோ, நெருக்குதலில் சம்மதிக்க வாய்ப்பிருந்தாலோ, அந்த உறவுக்கு வெளியே இருக்கும் ஒருவர்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. நான் செய்தது அதைத்தான். ஆனால் பிரகடனத்தின் கவலை, மறுத்தால் கெடுதல் வருமோ என்று பயப்படுகிறவரைப் பற்றியது. இவருக்கு என்ன பயம்? என்னைப் பார்த்துப் பயந்த அறிகுறி ஒன்றுகூட இல்லை. என்மேல் பிரியம், அவ்வளவுதான். பிரியம் ஒரு நெருக்குதலா?

ஆகலாம் என்பதற்கு மோசமான சாட்சி உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வு, 1932 முதல் 1972 வரை, சுமார் 600 கறுப்பின ஆண்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தவர்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வெறுமனே கவனித்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பது வருடம் ஒரு ஆய்வு கலையாமல் இருக்க அதிகாரம் மட்டும் போதாது. அங்கே யூனிஸ் ரிவர்ஸ் என்றொரு செவிலியர் இருந்தார். அந்த ஆண்களைத் தன் காரில் பரிசோதனைக்கு அழைத்துப் போனார், குடும்பங்களோடு பழகினார், அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றிருந்தார். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மாறவில்லை. அவருடைய அன்பு நடிப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அந்தக் கதை என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. எங்கள் ஆய்வு எதையும் மறைக்கவில்லை, யாருக்கும் மருந்தை மறுக்கவில்லை. ஒப்பிடுவதே அநியாயம் என்றும் தெரியும். இருந்தும் படிவத்தை மடித்தபோது என் தலைக்குள் ஓடியது அந்தக் கார்தான்.

கூட வேலை செய்யும் நண்பரிடம் சொன்னேன். அவர் என் பக்கம் நிற்கவில்லை. ஆய்வில் சேர்வதைத் தனக்குக் கிடைக்கும் சிகிச்சை என்று பங்கேற்பாளர் தவறாக எடுத்துக்கொள்வதுதானே நாம் பயப்பட வேண்டியது என்றார். 1982இல் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் மனநல ஆய்வுகளை வைத்து எழுதியதும் அதைப் பற்றித்தான். "இந்த அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லையே. தனக்கு ஒன்றும் கிடைக்காது, உனக்குக் கிடைக்கும் என்று தெளிவாகப் புரிந்துகொண்டு போடுகிறார். நம் ஆய்வில் கையெழுத்துப் போட்ட எத்தனை பேருக்கு இந்த அளவு புரிந்திருக்கும்?" சிநேகிதி கேட்டாள் என்று ரத்த தானம் செய்கிறவரை யாராவது திருப்பி அனுப்புகிறார்களா என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஊசி குத்தப்போவது அந்த அம்மாவின் கையில். அதற்கு எது போதுமான காரணம் என்று தீர்மானிக்க நான் யார்?

ஒன்று மட்டும் நண்பருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். ரத்த தானம் ஒரு நாள் காரியம். இது பல வருடம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தாளில் எழுதியிருக்கிறது, வாயாலும் சொல்கிறோம். ஆனால் எனக்காகச் சேர்ந்தவர் விலக வேண்டுமென்றால் என்னிடமிருந்தல்லவா விலக வேண்டும்? முகாமில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் கையை நீட்டிக்கொண்டிருப்பார். இதை அவரிடம் சொன்னபோது, "அது அவர் பிரச்சினையா, உன் பிரச்சினையா?" என்றார். இரண்டும்தான்.

பிறகு, முகாமுக்கே வராத ஒரு சகா அவரைச் சந்தித்து வரிக்கு வரி விளக்கினார். கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மா சரியாகப் பதில் சொன்னாராம். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு ஆசைப்பட்டுச்சு" என்றாராம். நான் ஆசைப்பட்டதாகச் சொல்லவே இல்லை. ஆசைப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. விதிமுறைப்படி எல்லாம் சுத்தம், அவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. சம்மதம் கேட்ட ஆள்தான் மாறினார், காரணம் மாறவில்லை.

இப்போது, முகாமுக்குப் போகிறவர்கள் சம்மதப் படிவத்தைத் தொடக் கூடாது என்று துறையில் ஒரு ஏற்பாடு. நான் சொல்லித்தான் வந்தது. நல்ல ஏற்பாடுதான் என்று இன்னமும் சொல்வேன். ஆனால் முகாம் நடந்த பகுதிகளில்தான் ஆள் சேர்வது எளிதாக இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை அறிக்கையில் எழுதுவதில்லை.

அடுத்த சுற்றுக்கு அதே பகுதியில் முகாம் போடலாமா என்று கேட்டார்கள். போடலாம் என்றேன், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். துண்டறிக்கையை மட்டும் அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றேன். "அவர்களாகவே ஆய்வைப் பற்றிக் கேட்டால்? இன்றைக்கு அதைப் பற்றிப் பேச மாட்டோம் என்பாயா?" என்றார் நண்பர். முகாமுக்கு முன்னால் ஒரு பதில் தயார் செய்ய வேண்டும்.