அமெரிக்க மெடிக்கல் காலேஜ்: பட்டியல் போடும் முன் நீங்கள் எந்த மாநிலத்தவர் என்று பாருங்கள்

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான பட்டம்) படிக்க விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி), எம்கேட் (மெடிக்கல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண்களை வைத்தே கல்லூரிப் பட்டியல் போடுகிறார்கள். அதற்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி, சட்டப்படி எந்த மாநிலத்தவர் என்பது. அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலத்தின் வரிப்பணம் போகிறது. படித்து முடித்து அங்கேயே வைத்தியம் பார்க்கப்போகிறவர்களைத்தான் அவை தேடுகின்றன.

டெக்சாஸ் அரசு மெடிக்கல் காலேஜ்களில் வெளிமாநிலத்தவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. வட கரோலினாவின் ப்ரோடி மெடிக்கல் காலேஜ், மிசிசிப்பி பல்கலைக்கழக மெடிக்கல் காலேஜ் இரண்டும் வெளியாரை எடுப்பதில்லை. தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் மாநிலம் பார்ப்பதில்லை. ஆனால் ஜார்ஜியாவின் மெர்சர் பல்கலைக்கழகம் தனியார்தான், ஜார்ஜியாக்காரர்களை மட்டுமே எடுக்கிறது. வெர்மான்ட் அரசுக் கல்லூரியோ வெளியாரை நிறையச் சேர்க்கிறது. வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ மாணவர்களுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் தனியாக இடம் ஒதுக்குகிறது.

ஆகவே மொத்தச் சேர்க்கை விகிதத்தை நம்பாதீர்கள். ஏஏஎம்சி (அமெரிக்க மெடிக்கல் காலேஜ்களின் சங்கம்) வெளியிடும் எம்எஸ்ஏஆர் என்ற கல்லூரி விவரத் தளத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்மாநிலம், வெளிமாநிலம் என்று எண்கள் தனித்தனியாக உண்டு. வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு நேர்முகம் கிடைத்தது என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிலும் அங்கேயே வளர்ந்தவர்கள், எம்.டி.-பிஎச்.டி. (இரண்டு பட்டமும் சேர்த்துப் படிக்கும்) மாணவர்கள் கலந்திருக்கலாம். அந்த மாநிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு உண்மையான வாய்ப்பு இன்னும் குறைவு. வெளியாரை அரிதாகவே எடுக்கும் கல்லூரிகளுக்குச் செகண்டரி (கல்லூரி தனியாகக் கேட்கும் இரண்டாம் விண்ணப்பம்) கட்டணம் கட்டுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

கல்லூரிப் படிப்புக்காக வேறு மாநிலத்தில் நான்கு வருடம் இருந்தாலே அந்த மாநிலத்தவர் ஆகிவிட முடியாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பெற்றோரின் டாக்ஸ் ரிட்டர்னில் டிபென்டன்ட்டாக (அவர்களைச் சார்ந்தவராக) இருக்கும் வரை பொதுவாகப் பெற்றோரின் மாநிலமே கணக்கு. மாற்ற வேண்டுமென்றால் படிப்பு முடிந்தபின் அங்கே முழுநேர வேலை, சொந்தப் பெயரில் லீஸ், டிரைவிங் லைசென்ஸ், மாநில வருமானவரி என்று பல மாநிலங்களில் குறைந்தது 12 மாதம் காட்ட வேண்டும். விண்ணப்பம் மே, ஜூனில். வகுப்பு அடுத்த வருடம் கோடையில். எந்தத் தேதியில் 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்.

நம் குடும்பங்களில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகள், மாநிலத்தவர் ஆக முடியுமா, கல்லூரி தங்களைச் சேர்க்குமா என்ற இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் எச்-4 உள்ளவர்கள் மாநிலத்தவராகலாம். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரைச் சேர்க்காத மெடிக்கல் காலேஜ்கள் பல. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மாநிலத் தகுதியும் கைவிட்டுப் போகலாம்.

ஆம்காஸ் (பல மெடிக்கல் காலேஜ்களுக்கான பொது விண்ணப்ப முறை) விண்ணப்பத்தில் ஒரு மாநிலத்தைத்தான் குறிப்பிட முடியும், அதை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிப்பது அந்தந்தக் கல்லூரி. சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே அட்மிஷன் ஆபீஸுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.