முகம் காட்டாத சிசிலியா

நம் கல்லூரிச் சங்கீத வகுப்பறைச் சுவரில் தொங்கிய படம், கூடப் படித்த உங்களுக்கும் நினைவிருக்கும். ஆர்கன் வாத்தியத்தின் முன் அமர்ந்து விழிகளை வானுக்கு உயர்த்திய புனித சிசிலியா. ஒரு நவம்பர் 22, அவர் திருநாளன்று, கதிரையில் ஏறி அந்தப் படத்துக்கு மல்லிகை மாலை போட்டவள் நான். அவ்வளவு அருகில் அந்த முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

'அர்ச்சிஷ்ட சிசிலியம்மாள்' என்றே அம்மம்மா சொல்வார். கதையை முழுதாகச் சொன்னவரும் அவரே. உரோமையில் உயர்குடிப் பெண். தன்னைக் கடவுளுக்கே நேர்ந்துகொண்டவர். ஆனாலும் வலேரியனுக்கு மணம் முடித்துவைத்தார்கள். கலியாண வீட்டில் வாத்தியங்கள் முழங்க, சிசிலியா தம் உள்ளத்துக்குள் இறைவனைப் பாடினாராம். இசையின் பாதுகாவலியானது அந்த ஒரு வரியால்தான். அவர் வாத்தியம் வாசித்ததாகப் பழைய கதையில் இல்லை என்பதை வளர்ந்த பின்பே அறிந்தேன்.

வலேரியனும் அவர் சகோதரர் திபூர்சியுவும் திருமுழுக்குப் பெற்றார்கள். கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களை அடக்கம் செய்ததற்காக அவர்களுக்கும் மரணம். சிசிலியாவை வீட்டுக் குளியலறையில் அடைத்து இரவு பகலாக நெருப்பு மூட்டினார்கள், வேர்வைகூட அரும்பவில்லையாம். பிறகு வாள். மூன்று வெட்டிலும் தலை துண்டாகவில்லை, நான்காவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. மூன்று நாள் உயிரோடு கிடந்து, தம் வீட்டைக் கோவிலாக்கும்படி கேட்டார். இந்த இடத்தில் அம்மம்மா நிறுத்திவிடுவார். நானும் மேலே கேட்டதில்லை.

இலண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, உரோமையில் திராஸ்தேவெரே பகுதியிலுள்ள அந்தக் கோவிலுக்குப் போனேன். 9ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் பஸ்கால் அவர் உடலை அங்கே கொண்டுவந்தார். 1599இல் கல்லறையைத் திறந்தபோது கிடந்த கோலத்தையே இளம் சிற்பி ஸ்தெபானோ மதேர்னோ பளிங்கில் வடித்தார் என்பார்கள். பீடத்தின் கீழே, ஒருக்களித்துக் கிடக்கும் மெல்லிய உடல். தலையைத் துணி சுற்றியிருக்கிறது. கழுத்தில் வெட்டுத் தெரிகிறது. ஒரு கையில் மூன்று விரல்களும் மறு கையில் ஒரு விரலும் நீண்டிருக்கின்றன. வாய் பேசாமல் மூவராயும் ஒருவராயும் இருக்கும் மூவொரு இறைவனை அறிக்கையிட்ட விரல்களாம். இசையின் பாதுகாவலி என்று மட்டும் சொல்லி அவரை ஓர் அழகிய படமாக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர் முதலில் வேதசாட்சி, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்.

மாலையிட்ட அந்த முகத்தைத் தேடிக் குனிந்தேன். அது தரைப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கேயே முழந்தாளிட்டேன். சுற்றிலும் ஆட்கள், வாய்விட்டுப் பாட முடியாது. நம் கல்லூரிக் கீதத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை உள்ளுக்குள்ளேயே பாடி முடித்த பின்தான் எழுந்தேன்.