கிணற்றுத் தண்ணீர் வட்டம்

துணியை வீடியோ காலில் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “இதுல நல்ல பக்கம் எது கண்ணு?”

முப்பது வருஷமாக ஈரோட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். துணியைப் புரட்டிப் பார்த்தால் நல்ல பக்கம் எது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நான் புரட்டிக் காட்டினேன். மறுபடி புரட்டினேன். ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதே” என்றார். அதுதான் அசல் வேக்ஸ் துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் உடுத்துகிற அச்சுத் துணி. உருக்கிய பிசினைச் செப்பு உருளைகள் கொண்டு துணியின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் படியும்படி அச்சிட்டு, அதன் பிறகு அவுரி நீலத்தில் முக்குகிறார்கள். பிசின் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணியைக் கசக்கும்போது பிசினில் விரிசல் விழும், அந்த விரிசல் வழியே நீலம் நரம்பு நரம்பாக உள்ளே ஓடும். என்னிடம் உள்ள வட்ட டிசைன் துணியில் ஒரு வட்டத்தில் ஓடிய நரம்பு மாதிரியே அடுத்த வட்டத்தில் ஓடவில்லை. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த மலிவுத் துணியும் அதே கடையில் கிடைக்கும். அதைத் திருப்பினால் வெளிறித் தெரியும்.

நாங்கள் இருப்பது கானாவில், டெமாவில். ஜிடிபி (GTP) என்கிற கானா டெக்ஸ்டைல்ஸ் பிரிண்டிங் துணி ஆலை இருப்பதும் இதே ஊரில்தான். ஆனாலும் துணி எடுக்க எனக்குத் தலைநகர் அக்ராவின் மக்கோலா சந்தைக்குப் போகவேண்டும். ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனில் ஏறி, அக்ராவில் டெமா ஸ்டேஷன் என்கிற வேன் நிலையத்தில் இறங்கி நடந்தால், ஒரு சந்து முழுக்கத் துணிக்கடைகள். மடித்த துணிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். விற்பது எல்லாம் பெண்கள். 12 கெஜம் ஒரு ஃபுல் பீஸ், 6 கெஜம் ஹாஃப் பீஸ். ஆறு கெஜம் என்று கேட்டதும் எனக்குப் புடவைக் கடையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டது. இங்கே அந்த ஆறு கெஜத்தில் காபா என்கிற மேல்சட்டை, ஸ்லிட் என்கிற நீளப் பாவாடை, மேலே போட்டுக்கொள்ள ஒரு துணி, மூன்றும் தைத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் துணிகளுக்குப் பெயர் உண்டு. பெயர் வைப்பது ஆலைக்காரர்கள் அல்ல, பெரும்பாலும் சந்தையில் விற்கிற பெண்கள். ஹாலந்தின் ஹெல்மண்ட் ஊரில் 1846 முதல் இருக்கிற விலிஸ்கோ ஆலையில் ஒரு டிசைன் எண்ணோடு வெளிவருகிற துணி, இங்கே வந்ததும் பழமொழியாகிவிடும். ‘அஹ்வெனே பா ன்காசா’ என்று ஒன்று. நல்ல பாசிமணி சத்தம் போடாது என்று அர்த்தம். கடைக்கார அம்மா அதை விளக்கியபோது நான் பதிலுக்கு ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதை அவருக்கும் சொல்லவைத்தார். இன்னொன்று ‘எஃபியே ம்மோசெயா’, வீட்டுச் சரளைக்கல். வெளியே கிடக்கிற கல்லைவிட வீட்டுக்குள் கிடக்கிற கல் குத்தினால்தான் அதிகம் வலிக்கும். சொந்தக்காரர்கள் மேல் மனக்குறை இருப்பவர்கள் அதை உடுத்திக்கொண்டு போனால் போதுமாம், வாயைத் திறக்கவே வேண்டாம்.

நான் எடுத்தது ‘என்சூ புரா’. கிணற்று நீர். அவுரி நீலத்தில் வெள்ளைப் புள்ளிகள் வட்டத்துக்குள் வட்டமாக விரிந்துகொண்டே போகும். வாளி விழுந்ததும் கிணற்றில் அலை விரியுமே, அது. ஒவ்வொரு பெரிய வட்டமும் ஒரு சாண் இருக்கும். ஈரோட்டில் எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். கடையில் வேறு துணி பார்க்கவே தோன்றவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மரக் கியோஸ்கில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று பெண்கள் அவரிடம் தொழில் பழகுகிறார்கள். கையால் சுற்றுகிற மெஷினில் அவர்கள் தைக்கிற நேர்கோட்டைப் பார்க்க வேண்டும், நம் மோட்டார் மெஷினில்கூட அவ்வளவு சுத்தமாக வராது. துணியை அவரிடம் காட்டி, நானே தைக்கப்போகிறேன் என்றேன். “முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசு மகளே, ஒரு பிடி உப்பு போடு. நிழலில் காயப்போடு” என்றார். அலசியதும் கஞ்சி விறைப்பு பாதி போய்விட்டது. மீதி விறைப்பு துணியோடே இருக்கிறது. அதனால்தான் மடிப்பு வைத்த பாவாடைக்கு இந்தத் துணி அவ்வளவு பொருத்தம், இஸ்திரி போட்ட மடிப்பு சாயங்காலம் வரை அப்படியே நிற்கும். கழுத்தில் கௌல் மாதிரி தளர்ந்த மடிப்பாகத் தொங்கவிட நினைத்தால் வராது.

நான் நினைத்தது எளிமையான கவுன்தான். படகுக் கழுத்து, முழங்கைக்கு மேல் நிற்கிற கை, இடுப்பில் ஒரு தையல், கீழே பாக்ஸ் மடிப்பு, முதுகில் ஜிப். என் கணவரின் பழைய வேட்டி ஒன்றில் வெட்டி மாதிரி தைத்து, தோளில் கால் அங்குலம் குறைத்து, காகிதத்தில் அளவைத் திருத்திக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் துணியை நம் ஊர் வழக்கப்படி இரண்டாக மடித்து, காகிதத்தை மேலே வைத்து, முன்பக்கத்தை வெட்டினேன்.

விரித்துப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. பெரிய வட்டத்தின் நடுப்புள்ளி இடது மார்பின் மேல் உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் பாதி வட்டம். மடித்துப் போட்டதில் அடியில் இருந்த துணியில் வட்டம் எங்கே விழுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. வெட்டின துணியை அப்படியே மேடத்திடம் எடுத்துப் போனேன். அவர் திட்டவில்லை. மீதித் துணியை விரித்து என் தோளில் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு வட்டத்தை என் கழுத்துக் குழிக்கு நேராக, ஒரு கையகலம் கீழே இழுத்து நிறுத்தி, அங்கே ஒரு ஊசி குத்தினார்.

“முதலில் வட்டம் எங்கே உட்காரவேண்டும் என்று கேள். அதன்பிறகு கவுனை யோசி” என்றார்.

அன்றைக்கு இரவு துணியை மடிக்காமல் தரையில் ஒற்றையாக விரித்தேன். காகிதத்தில் பாதி முன்பக்கம்தான் இருந்தது, முழு முன்பக்கமாக வரைந்துகொண்டேன். ட்ரேசிங் பேப்பர் மாதிரி ஒளி ஊடுருவுகிற தாளில் வரைந்தால் அடியில் இருக்கிற வட்டம் தெரியும், அதை நகர்த்தி நகர்த்தி வைக்கலாம். இரண்டு மணி நேரம் வைத்துப் பார்ப்பதற்கே ஆனது, வெட்டுவதற்குப் பத்து நிமிஷம். ஆறு கெஜம் எடுத்தது நல்லதாயிற்று. இந்தத் துணியின் அகலம் ஏறக்குறைய 46 அங்குலம், என் அளவுக்கு இந்தக் கவுனுக்கு மூன்று கெஜம் போதும் என்று யாராவது சொன்னால், பெரிய வட்டத்துக்கு இன்னும் ஒரு கெஜம் சேர்த்து வாங்குங்கள்.

முதுகில் ஜிப் வருகிற இடம்தான் ரொம்ப நேரம் வாங்கியது. ஒரு வட்டத்தை நடுவில் பிளந்து, ஜிப்பை மூடினால் புள்ளிகள் மறுபடி ஒன்றுசேரவேண்டும். தையலுக்கு விடுகிற அரை அங்குலத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் உள்ளே போய்விடும். அதனால் வலது பக்கத்தை ஒரு வட்டத்திலிருந்தும், இடது பக்கத்தை வேறொரு வட்டத்திலிருந்தும் வெட்டினேன். ஜிப்பை ஒரு பக்கம் தைத்து, மூடி, எதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளி வரிசைக்கு நேராகவும் சாக்பீஸால் கோடு போட்டு, கச்சா தையல் போட்டு, அதற்கப்புறம்தான் மெஷினில் வைத்தேன். 14ஆம் நம்பர் ஊசி. மூன்று தடவை பிரித்தேன். கீழே இருக்கிற நான்கு அங்குலத்தில் இன்னும் ஒரு நூலிழை விலகல் இருக்கிறது. முன்பக்கத்தில் டார்ட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல்) பிடித்தால் வட்டம் நெளியும் என்பதால் பக்கத் தையலிலிருந்து சின்னதாக ஒன்று மட்டும் பிடித்தேன்.

கானாவில் 2004 முதல் வெள்ளிக்கிழமை என்றால் உள்ளூர் உடை உடுத்துகிற வழக்கத்தை அரசே ஊக்குவிக்கிறது. அலுவலகங்களில், வங்கிகளில் அன்றைக்கு ஒரே வண்ணமயம்தான். போன வெள்ளிக்கிழமை கவுனைப் போட்டுக்கொண்டு முதலில் மேடத்தின் கியோஸ்குக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி, ஜிப் மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். கடைசி நான்கு அங்குலத்தில் விரல் நின்றது. அப்புறம் பழகுகிற பெண்களில் இளையவளைக் கூப்பிட்டு, அதே இடத்தில் அவள் விரலையும் வைத்து, ட்வி மொழியில் ஏதோ சொல்லிக்கொடுத்தார். ட்ரோட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மா என் கையைத் தொட்டு, “என்சூ புரா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். டெமா ஸ்டேஷன் வரும்வரை கையை எடுக்கவில்லை.

அன்றைக்கு இரவு அம்மாவிடம் முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினேன். ஜிப்பைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மேடம் விரலை வைத்த அதே இடத்தைத்தான் அவரும் கண்டுபிடித்தார். “பிரிச்சுத் தைக்க வேண்டாம், போதும்” என்றவர் கொஞ்சம் கழித்து, “எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு வெச்சிருக்கியா?” என்று கேட்டார். மீந்தது ஒன்றரைக் கெஜம். ஒரு ஜாக்கெட்டுக்குத் தாராளம். ஆனால் இரண்டு கையிலும் வட்டம் நடுவில் வரவேண்டுமாம், முதுகிலும் ஒன்று வேண்டுமாம். சனிக்கிழமை மறுபடி மக்கோலாவுக்குப் போகிறேன்.