மேலே வருவதற்கான காற்று

ஸ்கூபா கிளப் பயணங்களில் படகிலிருந்து இறங்கும் முன் எல்லோரும் ஒப்பிக்கும் எண் ஒன்று உண்டு: ஐம்பது. சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) மிச்சம் வைத்துப் படகேற வேண்டும். பவளத் திட்டின் மேல் 12 மீட்டரில் மிதந்துவிட்டு வருபவருக்கு இது போதும். 30 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும்போதும் இதே எண்ணைச் சொல்லி இறக்கினால், குழுத் தலைவர் கணக்கே போடவில்லை என்றுதான் பொருள்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறுகிறது. மேற்பரப்பிலேயே இருக்கும் ஒரு பாரையும் சேர்த்தால் 30 மீட்டரில் மொத்தம் 4 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். இப்போது, ஒருவருக்கு அடியிலேயே காற்று நின்றுபோய், ஜோடியின் சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சுவிட்டபடி ஏற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. மாற்று ரெகுலேட்டரை (மூச்சிழுக்கும் வாய்க்கருவியை) வாயில் வாங்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம்வரை ஏற மூன்று நிமிடம்: ஏறத்தாழ 500 லிட்டர். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே மூன்று நிமிடம் நிற்க 270 லிட்டர். கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் இது 84 பார். ஐம்பது பாரில் இருப்பதோ 600 லிட்டர்தான். ஆகவே அந்த ஆழத்தில் முள் 90-ஐத் தொட்டதும் கப்பலை விட்டு ஏறத் தொடங்க வேண்டும். 90 என்பது கிளம்பும் எண். 50 படகில் பார்க்கும் எண். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். அதனால் விளக்கக் கூட்டத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, அவரவர் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது நல்லது.

அடுத்த கேள்வி, யாருடைய மூச்சுக்குத் திட்டமிடுவது? 200 பார் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் 2400 லிட்டர் இருக்கிறது. 90 பாரை ஒதுக்கிவிட்டால் செலவுக்கு 1320. நிமிடத்துக்கு 14 லிட்டர் இழுப்பவருக்கு அது 30 மீட்டரில் 23 நிமிடம் வரும். 25 லிட்டர் இழுப்பவருக்கு 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்த இருவரையும் ஜோடி சேர்த்தால் ஒருவர் பாதியில் திரும்பும் கடுப்பில் இருப்பார்; மற்றவர் அந்தக் கடுப்புக்குப் பயந்து அழுத்தமானியைக் காட்டாமல் மறைப்பார். கிளப் பயணங்களில் காற்று தீர்ந்துபோவதற்கு இந்தக் கூச்சம் பெரிய காரணம். பெருமூச்சுக்காரருக்கு 15 லிட்டர் சிலிண்டர் கொடுத்தால், அதில் 70 பார் ஒதுக்கினாலே போதும் என்பதால், அவருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம் கிடைத்துவிடும், கூச்சமும் போய்விடும்.

ஒவ்வொருவர் செலவையும் அறிய முதல் நாள் 10 மீட்டரில் ஒரு சோதனை இறக்கம் வைத்தால் போதும். 25 நிமிடத்தில் 70 பார் செலவானால், 70-ஐ 12-ஆல் பெருக்கி, 25-ஆலும் அங்குள்ள 2 பார் அழுத்தத்தாலும் வகுக்க வேண்டும். விடை 16.8 லிட்டர். அனுபவசாலிகளையும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கக் கூடாது. ஓராண்டாகத் தண்ணீரையே பார்க்காதவர்கள் பெரும்பாலும் அவர்களில்தான் இருப்பார்கள்.

எடைப் பட்டையையும் அன்றே சரிபார்த்துவிடலாம். ஏரியிலும் நீச்சல் குளத்திலும் பழகியவர் கடலுக்கு அதே ஈயத்தோடு வருவார். கடல்நீர் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் கூடுதலாக இரண்டரை கிலோ வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கி, கடைசியில் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். இறங்கும்போது சரியாக இருந்தவர் 5 மீட்டர் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் பலூன்போல எழும்பிவிடுவது இதனால்தான். ஆகவே எடையைச் சிலிண்டர் காலியாகும் தறுவாயில், 50 பாரில் பார்க்க வேண்டும்: பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று உடுப்பில்) காற்றை முழுக்க வெளியேற்றி, சாதாரணமாக ஒரு மூச்சைப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். பயத்தில் ஈயத்தை அள்ளிக் கட்டுபவருக்குக் கப்பலில் வேறு வினை காத்திருக்கிறது. கால்கள் தாழ்ந்து, ஒவ்வொரு உதைக்கும் வண்டல் கிளம்பும்.

ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 32 சதவீத ஆக்சிஜன் கலவையின் ஆழ எல்லை, ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில், 33 மீட்டர். 36 சதவீதத்துக்கு 28 மீட்டர். 30 மீட்டர் கப்பலுக்கு 36-ஐ மாட்டிக்கொண்டு போவது ஒரு ஸ்டிக்கரைச் சரியாகப் படிக்காததால் நேரும் தவறு. மூழ்குபவரே அளவுமானியை வைத்துப் பார்த்து, சதவீதம், ஆழ எல்லை, தன் பெயர் மூன்றையும் டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்தவர் அளந்ததை நம்பி யாரும் எடுக்கக் கூடாது.

கப்பலுக்கு மேல் எப்போது போய்ச் சேர்வது என்பதை நிலவு தீர்மானிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கடுமை. அட்டமி, நவமி வாக்கில் தணிகிறது. அந்த நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர் நிற்கும் நேரம் சில இடங்களில் அரை மணிகூட இராது. துறைமுகத்து அட்டவணையில் உள்ள நேரமும் நடுக்கடலில் நீர் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இறங்கு கயிற்றின் மிதவையைப் பார்த்தாலே தெரியும்: சாய்ந்து, பாதி அமிழ்ந்து, பின்னால் நீர் சுழித்துக் கிடந்தால் இன்னும் நேரம் வரவில்லை. அது நிமிர்ந்து சும்மா ஆடும்போது முதல் ஜோடி தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு உடுப்பு மாட்டத் தொடங்கினால் கடைசி ஜோடிக்கு ஓட்டம் திரும்பியிருக்கும். கப்பலின் கம்பியிலேயே படகைக் கட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். துருப்பிடித்த இரும்பை அலை ஒவ்வொன்றும் பிடித்து உலுக்கும். 1941 அக்டோபரில் செங்கடலில் குண்டுவீச்சில் மூழ்கிய பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் திசில்கோர்ம், மோட்டார் சைக்கிள்களும் லாரிகளுமாக 30 மீட்டரில் கிடக்கிறது. படகுக் கயிறுகளால் அது பட்ட சேதம் கண்ணால் பார்க்கக்கூடியது.

கப்பல் எப்படிக் கிடக்கிறது என்பது அடுத்தது. நிமிர்ந்து அமர்ந்த கப்பலில் படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கும். 1980-இல் சைப்ரஸின் லார்னகா அருகே நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகளுடன் மூழ்கிய செனோபியா இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட கப்பலில் சுவர் தரையாகிவிடும், கதவு கிணற்று வாய்போலத் திறந்திருக்கும், நடைபாதை குறுகிய பொந்தாகிவிடும். மூளை இதற்குப் பழக நேரம் எடுக்கும். 30 மீட்டரில் நைட்ரஜன் மயக்கமும் (அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் போதைபோன்ற நிலை) சேர்ந்தால் வந்த வழி எது என்பதே குழம்பும். வரைபடத்தைப் படகில் விரிக்கும்போது அதைக் கப்பல் கிடக்கும் வாக்கில் திருப்பிப் பிடித்துக் காட்ட வேண்டும்.

உள்ளே போவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பொழுதுபோக்கு மூழ்கலில் வழங்கும் எல்லை இது: வெளியிலிருந்து வரும் பகல் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், மேற்பரப்பிலிருந்து ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்ந்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது. 30 மீட்டர் ஆழத்து வாசல் என்றால் உள்ளே பத்து மீட்டர்தான். பலரும் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை.

வழிகாட்டிக் கயிற்றின் முதல் முடிச்சு வாசலுக்கு வெளியே, நேராக மேலே போகக்கூடிய திறந்த நீரில் விழ வேண்டும். இரண்டாவது முடிச்சு வாசலைத் தாண்டிய உடனே. அதன் பிறகு கயிறு ஒரே பக்கச் சுவரை ஒட்டி, இழுவிசை தளராமல் போக வேண்டும். கையை ஓட்டிப் பார்த்து மழமழப்பான இடத்தில் சுற்ற வேண்டும். துருவேறிய தகட்டு விளிம்பு ரம்பம்போலக் கயிற்றை அறுத்துவிடும். கயிறு சுற்றிய ரீலைப் பிடிப்பவர் முதலில் நுழைவார், கடைசியில் வெளியே வருவார். விளக்கு ஆளுக்கு மூன்று: ஒன்று கையில், இரண்டு மாற்று.

உள்ளே போகும்போது கண்ணாடிபோல இருந்த நீர் திரும்பும்போது அப்படி இராது. உதையே போடாமல் விரலால் நகர்ந்தாலும் மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதி, பல ஆண்டுத் துருவை உரித்துவிடும். ஒரு நிமிடம் கழித்துப் பழுப்புத் தூள் மழைபோல இறங்கும். விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி, கண்ணெதிரே ஒரு சுவர் நிற்பதுபோலத் தோன்றும். அப்போது விளக்கைத் தாழ்த்தி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் கயிறு ஓட, கண்ணை நம்பாமல் வர வேண்டும். பின்னால் வருபவர் முன்னவரின் புஜத்தைப் பிடித்திருப்பார்; முன்னே தள்ளினால் போ, அழுத்தினால் நில். இதைக் கரையில் மாஸ்க்கை மறைத்து, மரங்களுக்கிடையே கயிறு கட்டிப் பழகாதவரை வாசலுக்குள் விடக் கூடாது. கூரையில் தேங்கிய காற்றுப் பைகளில் ரெகுலேட்டரைக் கழற்றி மூச்சிழுப்பது ஆபத்து: அது பிறர் வெளியிட்ட மூச்சு, அதில் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் துரு தின்றிருக்கும்.

கிளப்பில் யாராவது மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் போகலாமா என்று கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி அது. 307 பேர் இறந்தார்கள். 50 மீட்டருக்கும் ஆழம் என்பதால், பொழுதுபோக்குச் சான்றிதழின் 40 மீட்டர் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆழத்துக்குப் பயிற்சி பெற்றுவிட்டாலும் அது முன்னூறு பேரின் கல்லறை என்பது மாறாது. ஒரு பீங்கான் துண்டையோ பித்தளை வளையத்தையோ பையில் போட்டுக்கொள்வதை எந்தக் கப்பலிலும் அனுமதிக்கக் கூடாது. எடுத்தவர் அடுத்த பயணத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு கிளப்புக்கு இருக்க வேண்டும்.

மேலே வந்த பிறகும் வேலை முடியவில்லை. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரை திரும்பியது. அவர்களுடைய பை படகில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. தலையை எண்ணுவது எண்ணிக்கை ஆகாது. படகில் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பெயரைக் கூப்பிட வேண்டும், அவரவரே பதில் சொல்ல வேண்டும், ஒருவருக்காக மற்றவர் "இருக்கிறார்" என்றால் ஏற்கக் கூடாது. முதலுதவிக்கான ஆக்சிஜன் பெட்டியின் கணக்கையும் அதே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும்: 200 பார் நிரப்பிய 2 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 26 நிமிடம்தான் வரும். கரைக்கு இரண்டு மணி நேரமென்றால் 1800 லிட்டர் படகில் இருக்க வேண்டும். பல நாள் மூழ்கியவர்கள் விமானம் ஏற, கடைசி மூழ்கலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் போக வேண்டும். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்பப் பதிவதும் பயண ஏற்பாட்டாளரின் பொறுப்பே.

பெயர் கூப்பிட்டதும் ஏட்டில் ஐந்து பத்திகள் நிரம்ப வேண்டும்: பெயர், இறங்கிய நேரம், ஏறிய நேரம், அதிகபட்ச ஆழம், மிச்சமிருக்கும் பார். மறுநாள் ஜோடி பிரிக்கும்போது அந்தக் கடைசிப் பத்தியை முதலில் பார்க்கலாம். நாற்பதோடு வந்தவர் யாராயிருந்தாலும், அன்று அவருக்கு 18 மீட்டர்தான்.